தொட்டியைக் கழுவக் கழுவப் பாசி ஏன் திரும்பி வருகிறது?

கேள்வியின் சாரம் இது: வரவேற்பறை ஜன்னலுக்கு எதிரே இரண்டடித் தொட்டி. அதில் நான்கு கோல்ட்ஃபிஷ், ஒரு சக்கர் மீன், வண்ணக் கூழாங்கற்கள், பிளாஸ்டிக் செடிகள். காலையில் எழுந்ததும் போடும் விளக்கை இரவு படுக்கப்போகும்போதுதான் அணைக்கிறீர்கள். ஞாயிறுதோறும் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறீர்கள். வியாழக்கிழமைக்குள் தண்ணீர் மறுபடியும் பச்சை. கண்ணாடியில் பழுப்புப் படலம் வேறு. கடையில் கொடுத்த நீலச் சொட்டு மருந்தும் பலன் தரவில்லை. வேறு என்ன மருந்து ஊற்றலாம்?

எந்த மருந்தும் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்துங்கள். பாசியை ஒழிக்க நீங்கள் செய்யும் வேலைதான் பாசியை வளர்க்கிறது. கேட்பதற்கு எரிச்சலாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசி. ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிந்து பெருகும். வெளிச்சமும் சூடும் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் ஒரே நாளில் இருமடங்காவது அதற்குப் பெரிய காரியம் அல்ல. எவ்வளவு கவனமாகக் கழுவினாலும், மீனோடு வாளிக்குப் போய்த் திரும்பும் தண்ணீரிலும், கற்களின் இடுக்கிலும், பம்பின் உள்ளேயும் நூற்றில் பத்துப் பங்கு தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் இருபது, செவ்வாய் நாற்பது, புதன் எண்பது, வியாழன் நூற்றைத் தாண்டிவிடும். உங்கள் தொட்டியும் வியாழக்கிழமைதானே பச்சையாகிறது? நூற்றுக்கு ஒரு பங்குதான் தங்கியது என்றாலும், கூடுதலாக மூன்று நாள் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு பங்கையும் துடைத்தெறிந்தாலும் பாசியின் வித்து காற்றிலேயே வரும். பாசியே இல்லாத தொட்டி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அது கண்ணுக்குப் படாத அளவில் இருக்கும் தொட்டிகள்தான் உண்டு.

கழுவுவதால் வரும் பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. மீன் தின்ற தீவனத்தின் புரதக் கழிவு அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. மிச்சத் தீவனமும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. இந்தப் பாக்டீரியா மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்தால் அதில் பெரும்பகுதி செத்துவிடும். வாரந்தோறும் பிழிந்தால் உங்கள் தொட்டி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் முதல் வாரத்திலேயே நிற்கும். மாற்ற ஆளில்லாத அம்மோனியா அப்படியே தண்ணீரில் கிடக்கும். பச்சைத் தண்ணீர்ப் பாசிக்கு அதைவிட நல்ல உரம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபில்டர் வேலை செய்யாத உங்கள் தொட்டியில் மீன்களை இத்தனை நாள் காப்பாற்றியது ஒருவேளை அந்தப் பச்சைத் தண்ணீராகவே இருக்கலாம். பாசி அம்மோனியாவை உறிஞ்சிவிடுகிறது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதல் அல்ல. குஞ்சு வளர்க்கவும் டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியைப் பெருக்கவும் அதை வேண்டுமென்றே வெயிலில் வைத்து உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை, இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். அதில் மீனும் பாசியும் பங்கு போட்டால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். ஆகவே ஏர் பம்ப் இரவு பகல் ஓடட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் அணைக்கும் வீடுகள் நிறைய. பம்புக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வையுங்கள், சத்தம் குறையும்.

அடுத்தது வெளிச்சம். பாசியைப் பற்றி நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் நேர் வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நன்றாக வெளிச்சம் உள்ள அறைக்குள் அது சில நூறுதான். ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் தொட்டியில் வெயில் விழுந்தாலும், அந்த ஒரு மணி நேரம் உங்கள் எல்இடி விளக்கின் ஒரு நாள் உழைப்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தொட்டியை இடம் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஜன்னலைப் பார்த்த பக்கத்திலும் பின்பக்கத்திலும் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். உங்கள் தொட்டியில் உயிருள்ள செடி ஒன்றுகூட இல்லை. விளக்கு எரிவது நீங்கள் பார்ப்பதற்காக மட்டுமே. மீனுக்கு அறை வெளிச்சமே அதிகம். வீட்டில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை. ‘பாசி வராத விளக்கு’ என்று தனியாக விற்பதை நம்ப வேண்டாம். விளக்கின் நிறத்தைவிட அது எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான் பாசியைத் தீர்மானிக்கிறது.

தீவனத்துக்கு வருவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். கற்களும் மேலே விடும் இடமும் போகத் தண்ணீர் 45 லிட்டர்தான் இருக்கும். அதில் நான்கு கோல்ட்ஃபிஷ் என்பது, அவை குட்டியாக இருக்கும்போது மட்டும் சரியாகத் தோன்றும் எண்ணிக்கை. நன்றாக வளர்ந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் வரும். நாள் முழுவதும் தின்று நாள் முழுவதும் கழிக்கும் மீன் அது. எண்ணிக்கையைக் குறைக்கவோ பெரிய தொட்டிக்கு மாறவோ இப்போதே திட்டமிடுங்கள். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கண்ணாடிக்கு வந்து வாயசைப்பது பசியால் அல்ல. உங்களைக் கண்டால் தீவனம் விழும் என்று அது பழகிவிட்டது. பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் தனித்தனியாகத் தீவனம் போடும் வீடு என்றால், டப்பாவை ஒளித்து வைப்பதைத் தவிர வழியில்லை.

இனி தண்ணீர் மாற்றும் முறை. முதல் ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கால் பங்கு, அதாவது பன்னிரண்டு லிட்டர் போல. பிறகு வாரம் ஒரு முறை போதும். மீனை வெளியே எடுக்க வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் குழாயைக் கற்களுக்குள் குத்தி, உள்ளே தங்கிய கசடோடு சேர்த்துத் தண்ணீரை உறிஞ்சி வாளியில் விடுங்கள். அந்த வாளித் தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை இரண்டு முறை அழுத்தி எடுத்தால் போதும். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளையாக்க முயல வேண்டாம். வாளியில் மிஞ்சும் கசட்டுத் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். புதுத் தண்ணீர் நகராட்சிக் குழாயில் வருவது என்றால் ஒரு நாள் திறந்த வாளியில் ஏர் பம்ப் கல்லோடு வைத்திருங்கள், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள்.

போர்வெல் தண்ணீர் என்றால் வேறு சிக்கல். குளோரின் இருக்காது, ஆனால் நைட்ரேட் இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. விவசாய நிலங்களுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் அருகில் உள்ள கிணறுகளில் அதைத் தாண்டுவதும் உண்டு. உங்கள் கிணற்றிலேயே 40 இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டியில் 40-க்குக் கீழே இறங்காது. சோதனைப் பட்டை வாங்கினால் தொட்டியை மட்டும் சோதிக்காமல் குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ஓ எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்குகிறதோ, அதெல்லாம் செறிந்து கிடப்பது அந்தத் தண்ணீரில்தான். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் வரும் பழுப்புப் படலம் பச்சைத் தண்ணீரோடு சேர்ந்தது அல்ல. அது டயாட்டம் என்னும் வேறொரு கூட்டம். அதன் செல் சுவர் சிலிக்காவால் ஆனது. புதுத் தொட்டியிலும், சிலிக்கா நிறைந்த நிலத்தடி நீரிலும் நன்றாக வளரும். விரலால் தடவினால் மாவுபோல் வந்துவிடும். தொட்டி நிலைபெற்றதும் பெரும்பாலும் தானே மறையும். உங்கள் தொட்டி வாரந்தோறும் புதுத் தொட்டியாவதால்தான் அது மறையவே இல்லை. பழைய ஏடிஎம் அட்டையால் வழித்துவிட்டுக் காத்திருங்கள்.

மற்ற வகைகள் இனிமேல் வரலாம் என்பதால் அடையாளம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் கடினமான பச்சைப் புள்ளிகள் வந்தால் வெளிச்சம் அதிகம்; பிளேடால்தான் சுரண்ட வேண்டும், அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கூடாது. நூல்போல் நீளமாக வந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்துவிடலாம். கற்களின் மேல் நீலப் பச்சையாக வழவழப்பான ஏடு படிந்து, தூக்கினால் தோல்போல் உரிந்து, கெட்ட வாடையும் அடித்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலைகளில் வரும். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஃபில்டரின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றும்படி யாராவது சொல்வார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை மீன்தொட்டியில் கரைத்துச் சாக்கடையில் விடும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது கருந்தாடிப் பாசி. கறுப்பாக, குச்சம் குச்சமாக, ஃபில்டர் வாயிலும் மரக்கட்டையிலும் இலை ஓரங்களிலும் முளைக்கும். பார்வைக்குக் கறுப்பானாலும் அது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. ஒரு துணுக்கை ஆல்கஹாலில் ஊறவைத்தால் செந்நிறம் தெரியும். சுரண்டினால் வராது. இதற்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தலாம். கல்லையோ கட்டையையோ வெளியே எடுத்து, அதன் மேல் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் போடுங்கள். சில நாட்களில் பாசி இளஞ்சிவப்பாகிச் செத்துவிடும். வெளியே எடுக்க முடியாத பொருள் என்றால் ஃபில்டரை நிறுத்திவிட்டு ஊசியற்ற சிரிஞ்சால் பாசியின் மேலேயே விடலாம். உங்கள் அளவுத் தொட்டிக்கு 3 சதவீதக் கரைசல் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். நம்மூர் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ‘20 வால்யூம்’ என்று அச்சிட்ட 6 சதவீதக் கரைசல். வெளிநாட்டு அளவுகளைப் படித்துவிட்டு அப்படியே ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். பாட்டிலைப் படித்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கொடுத்த நீலச் சொட்டு மருந்து பெரும்பாலும் மெத்திலீன் புளூவாக இருக்கும். அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து, பாசிக்கு அல்ல. ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுக்கும், தொட்டி மூலையில் பூசிய சிலிக்கானையும் நீலமாக்கும். பாசிக்கென்றே விற்கும் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. பாசி சாகும், கூடவே இறாலும் நத்தையும் சாகும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவை வெளியிடும். அந்த அம்மோனியாவில் அடுத்த தலைமுறைப் பாசி வளரும். மருந்து பாட்டிலை மாதாமாதம் வாங்க வேண்டியிருப்பது இதனால்தான்.

‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி விற்ற சக்கர் மீனுக்கு வருகிறேன். தென் அமெரிக்காவைச் சேர்ந்த கெளுத்தி இனம் அது. விரல் நீளத்தில் வாங்குவது ஒன்றரை அடி வரை வளரும். தண்ணீரில் மிதக்கும் பாசியை அது தொடாது. கண்ணாடிப் பாசியையும் குட்டியாக இருக்கும்போதுதான் ஓரளவு மேயும். வளர்ந்தபின் மற்ற மீன்களின் தீவனத்துக்கே வந்துவிடும். அதன் கழிவு, அது தின்ற பாசியைவிட அதிகச் சத்தைத் தண்ணீரில் சேர்க்கும். இரவில் கோல்ட்ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சுவதும் உண்டு. கடையில் திருப்பிக் கொடுங்கள். எடுத்துக்கொள்ள மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவைதான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, முட்களால் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு, கரையில் வளை தோண்டிக்கொண்டு இருக்கின்றன. மோசமான தண்ணீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும் மீனை எடுத்து ஒழிப்பது சுலபமல்ல.

பாசி தின்னும் நல்ல பிராணிகள் இல்லாமல் இல்லை. நெரைட் நத்தை கண்ணாடியை அருமையாக மேயும். நன்னீரில் குஞ்சு பொரிக்காது என்பதால் பெருகித் தொல்லையும் தராது, வெள்ளைப் புள்ளியாக முட்டைகளை மட்டும் ஒட்டிவைக்கும். செடித் தொட்டிக்காரர்கள் கொண்டாடும் அமானோ இறால், 1980-களில் ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பயன்படுத்திப் பிரபலமாக்கியது. நல்ல உழைப்பாளி, ஆனால் நம் சித்திரை வெயிலில் 32 டிகிரி தாண்டும் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. உங்கள் கோல்ட்ஃபிஷ்ஷும் அதை விட்டுவைக்காது. சியாமீஸ் ஆல்கி ஈட்டர் என்னும் மீன் கருந்தாடிப் பாசியையே தின்னும். ஆனால் அதே பெயரில் சைனீஸ் ஆல்கி ஈட்டரைக் கட்டிவிடும் கடைகள் உண்டு. உடம்பின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் அதுவும் ஒரு உயிர், அதுவும் கழிக்கும். உங்கள் தொட்டியில் இப்போது இன்னொரு உயிருக்கு இடமில்லை.

இடம் இருப்பது செடிக்கு. தண்ணீரில் உள்ள நைட்ரேட்டுக்கும் அம்மோனியாவுக்கும் பாசியோடு போட்டி போடக்கூடியது அது ஒன்றுதான். ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் வேகமாக வளரும், ஆனால் கோல்ட்ஃபிஷ் இருக்கும் தொட்டியில் அவை கீரைக்கட்டு. உங்களுக்கு ஏற்றது மணி பிளாண்ட். நான்கைந்து கொடிகளை வெட்டி, இலைகள் வெளியே தொங்க, கணுக்கள் தண்ணீரில் படும்படி தொட்டியின் பின் விளிம்பில் செருகுங்கள். இலை காற்றில் இருப்பதால் அதற்குக் கரியமிலவாயுப் பஞ்சம் இல்லை. வேர் மட்டும் தண்ணீரிலிருந்து சத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வேரை மீன் கடிக்காதபடி சின்ன பிளாஸ்டிக் கூடைக்குள் விடுவது நல்லது. தொட்டி விளக்கை நீட்டிக்க வேண்டியதும் இல்லை, அறை வெளிச்சமே போதும்.

இதையெல்லாம் இன்று தொடங்கினாலும் முதல் மூன்று வாரம் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரில் பாக்டீரியா சேர்வதற்குள் பாசியை ஒரேயடியாகக் கொன்றால் அம்மோனியா ஏறி மீன் செத்துவிடும். போர்வெல் தண்ணீர்போல் காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை. ஐந்தாறு வாரம் கழித்தும் பச்சை போகவில்லை என்றால் தொட்டியை இருட்டாக்குங்கள். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கொஞ்சமும் வெளிச்சம் புகாதபடி கனமான போர்வையால் நான்கு நாள் மூடிவையுங்கள். அந்த நாட்களில் தீவனம் கிடையாது, கோல்ட்ஃபிஷ் தாங்கும். ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும்; போர்வை அதன் காற்றை அடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் எட்டிப் பார்க்க ஆசை வரும், தூக்கிப் பார்க்காதீர்கள். திறந்ததும் மறுபடியும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசியின் சத்து அதோடு வெளியேறிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் புற ஊதா விளக்குப் பொருத்திய சிறிய ஃபில்டர் ஒன்றை வாங்கலாம். பச்சைத் தண்ணீருக்கு நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான். தண்ணீர் அதன் வழியே மெதுவாக ஓடினால்தான் பாசிச் செல் சாகும், ஆகவே வேகமான பம்போடு இணைக்க வேண்டாம். எரியும்போது விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிய பாசியை அது ஒன்றும் செய்யாது. அதற்கு ஏடிஎம் அட்டைதான்.